கத்திரி வெயிலில் டர்போ கார்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

மே மாதத்துச் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குள் பெருங்களத்தூரில் என் பட்டறை வாசலில் இரண்டு கார்களாவது பானெட்டைத் திறந்தபடி நிற்கும். ஊருக்குக் கிளம்பிய குடும்பங்கள். கிண்டியில் தொடங்கித் தாம்பரம் தாண்டும்வரை ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து வந்ததில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருக்கும். வண்டிக்காரர் வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வெயில் அதிகம் அண்ணா, அதனால்தான்."

நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நாம் ஓட்டும் அதே மாடல் கார்கள்தான் அங்கேயும் ஓடுகின்றன. ஜனவரியிலேயே வண்டிக்குள் இருந்த குறையைக் கத்திரி வெயில் வெளியே இழுத்துவருகிறது, அவ்வளவுதான். எஞ்சின் புகையால் சுழன்று காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. அது உள்ள காரில் குறை சீக்கிரம் வெளியே வரும். சாதாரணக் காரில், எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் மட்டும் இருக்கும். பல டர்போ கார்களில், டர்போ நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து முன்பக்கம் மூன்று அடுக்காகிவிடுகிறது. காற்று நுழையும் வழி கொஞ்சம் அடைத்தாலும் மூன்றும் சேர்ந்து மூச்சுத் திணறும்.

உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத சோதனை முதலில் வரும், பெரிய செலவு கடைசியில் வரும். வரிசையைத் தாண்டாதீர்கள். ஐம்பது ரூபாய் ஃப்யூஸ் போயிருந்த வண்டிக்கு ரேடியேட்டரையே மாற்றிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வைக்க வேண்டிய கருவி ஒன்று உண்டு: வண்டியின் கணினியைப் படித்து, கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி (OBD) ஸ்கேனர். முகப்பில் இருக்கும் முள்ளை நம்ப முடியாது. பல கார்களில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். ஸ்கேனர் உண்மையான எண்ணைக் காட்டும்.

## இப்போதே முள் சிவப்பில் இருக்கிறது, நடுச்சாலையில் இருக்கிறீர்கள்

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். இந்த வெயிலில் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு இடப்புறம் ஒதுங்குங்கள்.

ஆவி வரவில்லை, முள் இறங்கத் தொடங்குகிறது என்றால்: எஞ்சினை ஓரிரு நிமிடம் அப்படியே ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள்.

ஆவி வருகிறது, அல்லது முள் இறங்கவில்லை என்றால்: உடனே அணையுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் வந்துவிடும் என்று ஓட்டாதீர்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் அலுமினியத்தால் ஆனது. கூலன்ட் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே அது வளைந்துவிடும். அந்த ஒரு கிலோமீட்டருக்காக ஹெட்டைக் கழற்றி, சமன் செய்து, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கட் மாற்றிப் பூட்டியவர்கள் வருடா வருடம் வருகிறார்கள்.

அணைத்த பிறகு முக்கால் மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தில் 125-ஐத் தாண்டிய பிறகுதான் கொதிக்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் விடுபட்டு, உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். என் பட்டறையில் வேலை கற்க வந்த ஒரு பையனின் முன்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஈரத்துணி போட்டுத் திறந்தான். துணி காப்பாற்றவில்லை.

சூடான எஞ்சின் மேலோ டர்போ மேலோ தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தாண்டக்கூடியது. அந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். ஆறிய பிறகு குடிநீர் கேன் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பட்டறைவரை வரலாம். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-ஐ அழையுங்கள்.

## சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்தால் இறங்குகிறது

சென்னையில் எனக்கு வரும் சூடு தொடர்பான வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஓடும்போது காற்று தானாக வந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் அதைச் செய்ய வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல்.

வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுழல வேண்டும். கையை அருகில் கொண்டுபோகாமல் பாருங்கள், எப்போது வேண்டுமானாலும் அது வேகம் எடுக்கும்.

### ஃபேன் சுழலவே இல்லை

ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் படம் போட்டிருக்கும். ஃபேன் ஃப்யூஸைப் பாருங்கள், பிறகு ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள். பக்கத்திலேயே அதே அளவில், அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் சோதிக்கலாம். ஃபேன் ஓட ஆரம்பித்தால் பழுது தெரிந்துவிட்டது.

ரிலே நன்றாக இருந்தால் ஃபேனுக்கு வரும் வயரின் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டிகளில், குறிப்பாகத் திருவொற்றியூரிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தும் வருகிறவற்றில், பச்சைப் பாசி பிடித்த செம்பு முனைகளை அடிக்கடி பார்க்கிறேன். சுத்தம் செய்தாலே போதும். அதுவும் நன்றாக இருந்தால் மோட்டார் போயிருக்கும். இதற்கு மேல் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

### ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் ஏறுகிறது

ஒரே வேகத்தில்தான் ஓடுகிறதா என்று கவனியுங்கள். பல கார்களில் மெதுவேகம், முழுவேகம் என இரண்டு உண்டு. மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் ஃபேன் கடைசி நேரத்தில்தான், அதுவும் சூறாவளிச் சத்தத்தோடு கிளம்பும். முழுவேகம் வரவே இல்லை என்றால் மதிய நெரிசலில் முள் ஏறத்தான் செய்யும். ஸ்கேனரில் கூலன்ட் 105-ஐத் தாண்டியும் ஃபேனின் ஓசை மாறவில்லை என்றால் பழுது இங்கேதான்.

இரண்டு வேகமும் சரியாக இருந்தால் காற்று போகும் வழியைப் பாருங்கள். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரல் அகல இடைவெளியை மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். போன வருடம் ஒரு வண்டியை மூன்று இடங்களில் காட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று, கூலன்ட் இரண்டு முறை மாற்றியாயிற்று. கண்டென்சரின் பிடிகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்தபோது, சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒரு படலம் ரேடியேட்டர் முகத்தில் கால்வாசியை மூடியிருந்தது. பூச்சி இறகு, வேப்பம்பூ, சாலைத் தூசி, ஒரு பால் பாக்கெட்டின் மூலை. விரலால் சுருட்டியபோது ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அன்று மதியமே அந்த வண்டி ஏசியோடு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடியது, 98-ஐத் தாண்டவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நின்ற வண்டிகளிலும் இதே கதைதான். உள்ளே ஏறிய சேறு காய்ந்து செதில்களுக்கு நடுவில் சிமென்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது. அடுத்த மே மாதம்வரை யாருக்கும் தெரியவில்லை.

ஆறிய எஞ்சினில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராக அடித்தால் செதில்கள் மடங்கி, அழுக்கு அடைத்ததைவிட மோசமாகிவிடும்.

ரேடியேட்டரின் ஓரங்களில் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் தகடுகளும் ஃபோம் பட்டைகளும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்பக்கம் இடித்து டிங்கரிங் செய்த வண்டிகளில் இவற்றைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தட்டும் அப்படித்தான். வேகத்தடையில் உரசி உடைந்ததைச் சிலர் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

## வேகமாக ஓடும்போது முள் ஏறுகிறது

நிற்கும்போது சரி, ஓஎம்ஆரிலோ வண்டலூர் தாண்டியோ நூறில் போனால் ஏறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். கூலன்ட் குறைவாக இருக்க வேண்டும், அல்லது அது சுற்றி வருவதில் தடை இருக்க வேண்டும்.

கூலன்ட் அளவும் நிறமும். காலையில், ஆறிய வண்டியில் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். நிறம் துரு நிறமாகவோ சேற்று நிறமாகவோ மாறியிருந்தால் யாரோ போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வீட்டு வாளியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. எஞ்சின் வேலை செய்ய அவசரத்துக்குத் தண்ணீர் போதும். ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொண்ட வண்டிகளின் ரேடியேட்டரை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள்.

மூடி. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் முன்கூட்டியே கொதிக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தடித்த துணி வழியாகத் தொட்டுப் பாருங்கள். மேலே சுடுகிறது, கீழே இன்னும் வெதுவெதுப்பு மட்டும் என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "சென்னைக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிவிடலாம்" என்று சொல்லும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் இருக்கிறது. பழைய வண்டிகளில் அது எப்படியோ நடந்துவிட்டது. இப்போதைய டர்போ எஞ்சின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியையும் சேர்த்து அடைக்கிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் சூடு கூடும், குறையாது. காலையில் எஞ்சின் சூடேறத் தாமதமாகி, பெட்ரோல் கூடுதலாகத் தெளித்து, எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஸ்கேனரில் பி0128 (P0128) என்ற பழுதுக் குறி வந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது அதைக் கழற்றியிருக்கவும் கூடும். திரும்பப் போடச் சொல்லுங்கள்.

வாட்டர் பம்ப். பம்ப்பின் அடியில் கூலன்ட் வழிந்து காய்ந்த தடம், சுழலும்போது கரகரப்பு, இரண்டும் கெட்ட அறிகுறி. டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப்பாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கனம். இதுவும் ரேடியேட்டரின் உள்ளடைப்பும் பட்டறை வேலை.

## கூலன்ட் குறைகிறது, கசிவு எங்கேயும் தெரியவில்லை

மாதம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் கசிவு இருக்கிறது. கூலன்ட் காற்றில் கரைந்துபோகும் பொருள் கிடையாது.

இரவு வண்டியை நிறுத்திய இடத்தில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறம் படிந்த சொட்டு இருந்தால் நேர் மேலே தேடுங்கள். சூடான பாகத்தில் ஒழுகினால் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ உப்புத் தடம் மட்டும் மிஞ்சும். டர்போவுக்குக் கூலன்ட் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் இணைப்பு, பிளாஸ்டிக் டி-இணைப்புகள், கூலன்ட் தொட்டியின் தையல், இந்த மூன்று இடத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுங்கள். ஆறேழு வருடம் பானெட் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட்போல் நொறுங்கும்.

வெளியே எதுவும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கட் பற்றிய பயம் நியாயமானது. காலையில், எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள். தொட்டியில் ஓரிரு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. விடாமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. மூடியைப் போட்டபடி கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள், இன்னும் சூடே ஏறாத நிலையில், மேல் ஹோஸ் கல்போல இறுகினாலும் அதே பொருள்தான். ஆயில் கோலில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் வண்டியை மறுபடி கிளப்பாதீர்கள், இழுவை வண்டியில் கொண்டுவாருங்கள்.

பட்டறையில் நீல நிறத் திரவத்தைக் கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

## முள் சரியாக இருக்கிறது, ஆனால் மதியத்தில் இழுவை இல்லை

"காலையில் பறக்கிறது, மதியம் இரண்டு மணிக்கு வேறு வண்டிபோல் இருக்கிறது." இதில் ஒரு பங்கு இயல்பு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 28 டிகிரிக்கும் 40-க்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4 சதவீதம் குறையும். அதோடு, 40 டிகிரியில் உள்ளே போகும் காற்றை டர்போ வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்துக்கு நெருக்கினால் அது 130 டிகிரியைத் தாண்டும். வண்டி ஓடும்போது இன்டர்கூலர் அதை வெளிவெப்பத்தைவிட 15, 20 டிகிரி கூடுதல் என்ற அளவுக்கு இறக்கிவிடும். கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது இன்டர்கூலருக்குக் காற்றே வராது. அப்போது கணினி, எஞ்சினைக் காப்பாற்ற, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி அழுத்தத்தையும் குறைக்கும்.

ஆகவே முதல் சோதனை: ஸ்கேனரில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். நெரிசலில் 60-க்கு மேல் போய், சாலை திறந்து ஐந்து நிமிடம் ஓடியதும் இறங்கி, இழுவையும் திரும்பினால் வண்டியில் குறையில்லை. இறங்கவே இல்லை என்றால் இன்டர்கூலரின் முகம் அடைத்திருக்கிறது. மேலே சொன்னபடி கழுவுங்கள்.

### காற்றின் வெப்பம் சரி, இழுவை மட்டும் இல்லை

முதலில் காற்று வடிகட்டி. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் தினமும் போகிறவர்கள், கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே திறந்து பாருங்கள்.

அடுத்தது இன்டர்கூலர் ஹோஸ்கள். வேகம் எடுக்கும்போது உஸ்ஸென்று சீறல் கேட்கிறதா? டீசலில் அதோடு கரும்புகை வருகிறதா? ஹோஸ் எங்கோ வாய் பிளந்திருக்கிறது. சூட்டில் ரப்பர் இளகி, கிளாம்ப்புக்குள் நழுவும். வண்டி ஆறியதும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது. ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கிளாம்ப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிய கறுப்பு வளையம் இருந்தால் அதுதான் கசியும் இடம். கிளாம்ப்பைத் தளர்த்தி, துடைத்து, சரியாக உட்கார வைத்து இறுக்குவது பத்து நிமிட வேலை. ஹோஸ் உப்பியிருந்தாலோ விரிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

ஸ்கேனரில் பி0299 (P0299) வந்தால் டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று பொருள். அதைப் பார்த்ததும் "டர்போ போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஹோஸ் கசிவுக்கும் அதே குறிதான் வரும். வேக்குவம் குழாய் விரிசல், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு, டர்போவுக்கு மிஞ்சிய புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இறுகிப்போவது, புகைக்கரி படிந்த அழுத்த சென்சார் என எல்லாவற்றுக்கும் அதுவேதான். டீசலில் டர்போவின் உள்ளிதழ்கள் கரியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. நகருக்குள் மட்டும் மெதுவாக ஓடும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன். பல சமயம் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும். இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கின் கையில் புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் டர்போ மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

## ஏற்றத்தில், அழுத்தி மிதித்தால் டக்டக் சத்தம்

பெட்ரோல் டர்போவில் வெயில் நேரத்தில், எரிபொருள் முறைதவறிப் பற்றிக்கொள்வதால் வரும் நாக்கிங் இது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழுக் குடும்பத்தோடு ஏறிவிட்டு வந்து சொல்பவர்கள் அதிகம்.

முதலில் ஓட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில், உயர்ந்த கியரில் வைத்து முழுதாக மிதித்தால் எஞ்சின் தவிக்கும். ஒரு கியர் இறக்கி 2,500-க்கு மேல் வைத்து ஏறுங்கள். சத்தம் போய்விட்டால் செலவே இல்லை. போகவில்லை என்றால் அடுத்த இரண்டு டேங்குக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்: எண் சரியானதா, இடைவெளி சரியா என்று பார்க்க வேண்டும்.

ஆயிலையும் பாருங்கள். குறைந்த சுற்றில், அதிகப் பாரத்தில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு, சிலிண்டருக்குள் நேராக எரிபொருளைத் தெளிக்கும் டர்போ எஞ்சின்களுக்கு உண்டு. ஒரே ஓர் அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. அதைத் தடுக்கும் கலவையோடு 2020 முதல் வருவது ஏபிஐ எஸ்பி (API SP) தர ஆயில். டப்பாவின் பின்பக்கம் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் மலையேற்றத்தை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள்.

## ஏசி விட்டுவிட்டுக் குளிர்கிறது

ஓடும்போது குளிர், சிக்னலில் வெறும் காற்று என்றால் ஏசி கேஸ் நிரப்ப ஓடாதீர்கள். ஃபேனும் கண்டென்சர் அழுக்கும்தான் முதல் காரணம். கூலன்ட் எல்லை மீறும்போது கணினி தானாகவே கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஏசி நிற்கும் நேரத்தில் ஸ்கேனரில் கூலன்ட் எண்ணைப் பாருங்கள். 110-ஐ நெருங்கினால் இது ஏசிக் கோளாறே அல்ல.

## நீலப்புகை, ஆயில் குறைகிறது

ஆயில் அளவு மேல்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வீஸில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றியதாலேயே புகைத்த வண்டிகள் உண்டு. அது சரி என்றால், ஆறிய வண்டியில் டர்போவுக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றி அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்பின்னாக ஆடினாலோ, இதழ் சுவரைத் தொட்ட கீறல் தெரிந்தாலோ டர்போ முடிந்துவிட்டது. பல பத்தாயிரங்கள் ஆகும். மாற்றும்போது டர்போவுக்கு ஆயில் வரும் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய குழாய்க்குள் ஆயில் கருகிக் கரியாகப் படிந்திருக்கும். அதை அப்படியே பூட்டினால் புது டர்போவும் ஆயில் கிடைக்காமல் சாகும்.

அந்தக் கரி எப்படி வருகிறது என்பதும் சாலையிலேயே தெரியும். நூற்றுக்கு மேல் ஓட்டிவந்து, மதுராந்தகம் பக்கம் காபிக்காகத் திரும்பி, நின்ற நொடியில் சாவியைத் திருப்புகிறார்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற அச்சில் ஆயில் நின்று வேகிறது. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். நகருக்குள் மெதுவாக வந்து நின்றால் இது தேவையில்லை.

டீசல் வண்டியில் நீலப்புகை அடர்ந்தால் ஓட்டாதீர்கள். டர்போ வழியாக வரும் ஆயிலையே எஞ்சின் எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடக்கூடும். கியர் வண்டியாக இருந்தால் உச்ச கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் திணறி நிற்கும். நிற்கவில்லை என்றால் எல்லோரையும் இறக்கி விலகி நில்லுங்கள்.

## அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது

இது பழுதல்ல. டர்போவின் சூட்டை இறக்கச் சில நிமிடம் ஃபேனும் சிறிய மின்சாரப் பம்ப்பும் ஓடுவது பல கார்களில் வழக்கம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல்களில், புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போதும் ஃபேன் கத்தும், கருகல் நெடி வரும். அந்த நேரத்தில் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் ஓடினால் மட்டும் ரிலே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

## பட்டறைக்குக் கொண்டுவரும் முன்

ஒரு தாளில் இவற்றை எழுதி வாருங்கள்: முள் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஏறியது, நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா, ஏசி போட்டிருந்ததா, ஸ்கேனரில் கூலன்ட் எண் எவ்வளவு, குறி ஏதாவது இருந்ததா, கடைசியாகக் கூலன்ட் எப்போது, எதை ஊற்றினீர்கள். குறியை அழித்துவிடாதீர்கள், கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். முடிந்தால் மதியம் கொண்டுவாருங்கள். காலையில் குளிர்ந்து வரும் வண்டியில் மதியத்துப் பழுது கண்ணில் படாது.